முதலில் காது, பிறகு வாய்!



"சீன மொழியா? நமக்கு எதுக்குப்பா அது?" என்று சட்டெனக் கேட்டுவிடாதீர்கள். நெல்லை ஜங்ஷனில் ரயிலேறி ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகும் டிப்ளமோக்காரர்கள் உண்டு. அங்குள்ள பாக்ஸ்கான் ஒரு தைவான் கம்பெனி. சிங்கப்பூருக்குப் போனாலோ, அங்கே தமிழைப் போல மாண்டரின் சீனமும் ஆட்சிமொழி. ஆகவே கற்க ஆசைப்படுவது நல்லதே. ஆனால் கற்பிக்கும் முறையில் முதலிடம் காதுக்குத் தரவேண்டும் என்பதே என் வாதம்.

தாமிரபரணிக் கரையில் "ஏலே" என்று பாசமாகவும் கூப்பிடலாம், கோபமாகவும் கூப்பிடலாம். ராகம் மாறினால் உணர்ச்சி மாறும், சொல் மாறாது. சீனத்திலோ ராகம் மாறினால் சொல்லே மாறிவிடும்! மாண்டரினில் நான்கு தொனிகள்: உயரத்தில் சமமாக நிற்பது, மேலேறுவது, தாழ்ந்து எழுவது, சட்டென விழுவது. 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் 'வாங்கு'. வெட்டி இறக்கினால் 'விற்றுவிடு'. வியாபாரி கதி என்னாவது!

நம்ம ஒர்க்‌ஷாப்புக்கே வருவோம். 'ஸி' என்றால் நான்கு; 'ஷி' என்றால் பத்து. தைவான்காரர் பலர் ஷகரத்தையும் ஸகரமாகவே சொல்வார்கள். அப்போது நான்குக்கும் பத்துக்கும் தொனி ஒன்றுதான் வித்தியாசம். 4 மி.மீ. துளை கேட்ட இடத்தில் 10 மி.மீ. போட்டால் ஜாப் ஸ்கிராப்தான்!

இவ்வளவு முக்கியமான கேட்டல் திறனைப் பல மொழி வகுப்புகளில் எப்படி நடத்துகிறார்கள்? ஒலிப்பதிவைப் போடுவார்கள்; ஐந்து கேள்வி கேட்பார்கள்; மார்க் போட்டுவிட்டு அடுத்த பாடம். இது சோதனை, போதனை அல்ல! ஓடாத மோட்டாரைப் பார்த்து 'ஓடவில்லை' என்று ரிக்கார்டில் எழுதினால் ரிப்பேர் ஆகிவிடுமா? வைண்டிங்கா, பேரிங்கா என்று பார்க்க வேண்டாமா?

காதிலும் அப்படித்தான் பழுதைத் தேட வேண்டும். தொனி பிடிபடவில்லையா? மூச்சு பிடிபடவில்லையா? மூச்சில்லாமல் 'பாவ்' என்றால் வயிறு நிறைந்தது; மூச்சை ஊதிச் சொன்னால் 'ஓடு'. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்று போலவே படும். அல்லது சேர்த்துப் பேசும்போது தொனி மாறியதா? வணக்கம் சொல்லும் 'நி ஹாவ்' என்பதில் தனித்தனியே இரண்டும் மூன்றாம் தொனி. சேர்த்துச் சொன்னால் முதலாவது இரண்டாம் தொனியாகிவிடும். அகராதியை மட்டும் படித்தவன் இங்கே திணறுவான்.

எனவே, முதலில் ஜோடி ஒலிகளைப் போட்டு "ஒண்ணா, வேறயா?" என்று மட்டும் கேட்கட்டும். தவறிய இடத்தை எழுத்தோடு வைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கட்டும். ஆண், பெண், பெய்ஜிங், தைவான் எனப் பல குரல்கள் வரட்டும். கடைசியில் மெஷின் இரைச்சலும் சேரட்டும்!

"பேசப் பழகினால் கேட்பது தானா வந்துடும்" என்பார்கள் சிலர். கேள்வியை மனப்பாடம் செய்து கேட்டுவிடலாம் நண்பர்களே. எதிராளி சொல்லும் பதிலை மனப்பாடம் செய்ய முடியுமா?

1963-இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் சீனர்களே தமிழ் பேசினார்கள். தமிழ்நாடெங்கும் நேயர் மன்றங்கள் அமைத்து நம்மவர்கள் கேட்டார்கள். அவர்கள் காது நம் ல, ள, ழ-வுக்குப் பழகியதென்றால், நம் காது நான்கு தொனிக்குப் பழகாதா? 'கேள்வி'க்கென்றே தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தவர்கள் நாம்.

காதைத் தீட்டுவோம், வாய் தானே திறக்கும்!