கேட்க ஓர் அக்கா

சென்ற மாதம் ஒரு மாணவி அழைத்தாள். சிவில் பொறியியல், மூன்றாம் ஆண்டு. வழிகாட்டித் திட்டத்தில் என் பொறுப்பில் இருப்பவள்.

"அக்கா, தொழிற்பயிற்சிக்கு வந்து நான்கு வாரமாகிறது. அலுவலகத்தில் கோப்பு அடுக்குவதுதான் வேலை. படிப்பையே மாற்றிவிடலாமா?"

ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். "வெயிலில் நிற்காமல் இருப்பது நல்லதுதானே" என்றார் அம்மா. வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் சொன்னேன்: "அடுத்து எப்போது கான்கிரீட் ஊற்றுகிறார்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேள். ஸ்லம்ப் சோதனையை நான் செய்கிறேன் என்று சொல். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு. எடுத்ததும் கான்கிரீட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுது. 7ஆம் நாளும் 28ஆம் நாளும் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிச் சோதிக்கும்போது பக்கத்தில் இரு. பாதுகாப்புக் காலணி உன் அளவுக்குக் கேட்டு வாங்கு."

பத்து நாளில் ஒரு படம் அனுப்பினாள். சேறு படிந்த காலணி.

படிப்பு முடிந்தாலும் பாதை நீளம். மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு, குறைந்தது 3 ஆண்டு அனுபவம், தொழில்முறைத் தேர்வு. அதன் பிறகே பெயருக்கு முன்னால் 'இர்' வரும். நடுவில் விலகிப் போகிறவர்கள் எல்லாம் திறமை இல்லாதவர்கள் அல்லர்.

பெற்றோர்களே, மகளின் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டித் திட்டம் உண்டா என்று விசாரியுங்கள். துறையில் இருக்கும் சகோதரிகளே, மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று எனக்குக் கிடைக்காத அக்கா, இன்று ஒருத்திக்குக் கிடைக்கட்டும்.