மினுங்கும் தாளும் நெளிந்த மட்டையும்

போன நத்தாருக்கு எங்கள் தையல் வகுப்புப் பெண்கள் செய்த 40 வாழ்த்து மட்டைகளில் 17 கடையிலிருந்து திரும்பி வந்தன. வெள்ளித் தாள் நட்சத்திரங்கள் மூலையில் கிளம்பி நின்றன, மட்டைகளும் நெளிந்திருந்தன. மகளின் ரியூசன் காசுக்கு இதையே நம்பியிருந்த அக்கா ஒருவர் பேசாமல் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார். பிழை அவருடையதல்ல. தண்ணீர்ப் பசையைப் பூசச் சொன்னவள் நான்தான்.

கடதாசியின் மேல் கடதாசியை ஒட்டினால் ஈரம் வெளியே போய்விடும். உலோகத் தாளோ ஈரத்தை விடாது. அவ்வளவையும் மட்டையே குடித்து நெளிகிறது. இருபக்கமும் ஒட்டும் டேப்தான் இதற்குச் சரி.

செய்முறை சுலபம், சகோதரிகளே. பத்திரிகைத் தாளை மெத்தைபோல் மடித்து, அதன்மேல் சமையலறை அலுமினியத் தாளில் தடித்த வகையை வையுங்கள். மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் பின்புறமாக அழுத்தி வரைந்தால், முன்புறம் கோலம் எழும்பி நிற்கும். எழுத்தென்றால் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். (மூன்று பேர் மறந்துவிட்டார்கள்!) கறுப்புச் சப்பாத்துப் பொலிஷைத் தடவித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் கருமை தங்கி, பழைய வெள்ளிபோல் தெரியும். வெட்டிய ஓரம் விரலைக் கிழிக்கும்; சிறிது உள்ளே மடித்துவிடுங்கள். டேப்பை ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். நடுவில் அழுத்தினால் கோலம் தட்டையாகிவிடும்.

அந்த 17 மட்டைகளையும் புதிதாகச் செய்தோம். நத்தார் முடிந்துவிட்டதால் நட்சத்திரம் பொங்கல் பானையானது. தைப்பொங்கலுக்கு 12 விற்றன. அக்காவின் மகளுக்கு மாசியில்தான் ரியூசன் காசு கட்ட முடிந்தது.