மலிவு விலையும் மறைந்த விலையும்

பண்டத்தின் விலை என்ன என்று கேட்டால், கடைக்காரர் பலகையைக் காட்டுவார். பாட்டாளி தன் கூலியைக் காட்டுவான். மருத்துவர் நோய்ச் சீட்டைக் காட்டுவார். இம்மூன்றையும் கூட்டினால்தானே முழு விலை தெரியும்! அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க, வேலிக்கு வேலி ஒட்டி வாழும் மூன்று நாடுகளை எடுத்துக்கொள்வோம். வடக்கே கனடா, நடுவே அமெரிக்கா, தெற்கே மெக்சிகோ.

மூன்றிலும் அதே கம்பெனி, அதே பர்கர். 'எகனாமிஸ்ட்' எனும் ஆங்கில ஏடு 1986 முதல் 'பிக் மாக்' பர்கரின் விலையை வைத்தே நாடுகளின் நாணயங்களை நிறுத்துப் பார்க்கிறது. அந்தத் தராசில் மெக்சிகோவின் விலை அமெரிக்க விலையைவிடக் குறைவு. 'ஆகா, ஏழை நாட்டில் எவ்வளவு மலிவு!' என்று வியப்போர் உண்டு. வியக்கட்டும், ஆனால் கூலியையும் கேட்கட்டும்! 2025இல் மெக்சிகோவில், வட எல்லைப் பகுதி நீங்கலாக, ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 278.80 பெசோ. ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு பர்கர் விழுங்கிவிடும். 2018இல் அக்கூலி வெறும் 88.36 பெசோ! அமெரிக்காவிலோ, மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், ஒரு மணி உழைப்பில் பர்கர் வாங்கி மிச்சமும் வைக்கலாம். மலிவு எங்கே, மயக்கம் எங்கே?

அமெரிக்கத் தொழிலாளி கொழுத்துவிட்டான் என்று எண்ணிவிடாதீர்! அந்த 7.25 டாலர் 2009ஆம் ஆண்டு நிர்ணயித்தது. அதற்குப் பின் விலைவாசி ஏறியது, வாடகை ஏறியது, வாஷிங்டனின் மனம் மட்டும் இறங்கவில்லை. கலிபோர்னியா மாநிலம் தானே முன்வந்து, 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுக் கம்பெனிகளின் தொழிலாளருக்கு மணிக்கு 20 டாலர் என்று சட்டம் செய்தது.

விலை இப்படி, தரம் எப்படி? பன் மாவு உப்பிவர 'பொட்டாசியம் புரோமேட்' சேர்ப்பார்கள். புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள் அது. கனடா 1994இலேயே தடுத்தது. டாலர் தேசத்தின் மத்திய அரசோ தடுக்கவில்லை! அங்கும் கலிபோர்னியாதான் 2023இல் சட்டம் இயற்றி, 2027 முதல் அதற்கும் சிவப்புச் சாயம் 3 முதலியவற்றுக்கும் கதவடைத்தது. அதன் பிறகே, 2025 சனவரியில், அந்தச் சாயத்துக்குத் தந்திருந்த அனுமதியை வாஷிங்டன் திரும்பப் பெற்றது. மாநிலம் விழித்தது, மத்திய அரசு பின்னர் கண் கசக்கியது!

தெற்கே பாருங்கள். 2016இல் நீரிழிவையும் உடற்பருமனையும் நாட்டின் நெருக்கடி என அறிவித்த மெக்சிகோ, 2020 அக்டோபரில் பொட்டலங்களின் முகப்பிலேயே கருப்பு எண்கோணம் பொறிக்கக் கட்டளையிட்டது. 'சர்க்கரை மிகுதி', 'உப்பு மிகுதி' என்று எழுத்தறிந்த சிறுவனும் படிக்கும் வண்ணம் எச்சரிக்கை! அங்கும் ஓர் மாநிலமே முந்திக்கொண்டது. வஹாகா மாநிலம் அதே ஆண்டு ஆகஸ்டில் சிறுவருக்குச் சர்க்கரைப் பானம் விற்பதைத் தடுத்தது. கனடாவும் 2022இல் முகப்பு எச்சரிக்கைக்கு விதி செய்து, 2026 சனவரியைக் கெடுவாக வைத்தது. செல்வச் செருக்கு மிகுந்த நடுவீட்டுக்காரரோ, 2025 சனவரியில்தான் ஒரு முன்மொழிவையே வெளியிட்டார்.

'கட்டுப்பாடு வந்தால் வாணிபம் சாகும்' என்பர் முதலாளிமார். அப்படியா? 2012இல் ஆறு நாடுகளின் துரித உணவை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? ஒரே கம்பெனியின் கோழித் துண்டுகளில், 100 கிராமுக்கு உப்பு அமெரிக்காவில் 1.6 கிராம், பிரிட்டனில் 0.6 கிராம்! பிரிட்டனில் கடை மூடப்பட்டதா? இல்லை. குறைக்க முடியும், கேட்பார் இருந்தால் குறைப்பார்கள், கேளாத நாட்டில் கொட்டுவார்கள். இதுவே இதன் மர்மம்.

அடுத்தவர் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீரோ? நமக்கும் அண்டை நாடு உண்டு. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில், 2016 முதல் குளிர்பானப் புட்டிகளில் சர்க்கரை அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் சொல்கின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023இல் ஆய்வு சொன்னது. தில்லி செய்தது என்ன? 2022இல் நட்சத்திரக் குறி என்று ஒரு வரைவு! எச்சரிக்கை வேண்டிய இடத்தில் நட்சத்திரமா? நஞ்சுக்கும் நன்மதிப்புப் பட்டமா? 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே கெடு விதிக்க நேர்ந்தது.

சாயம் கலந்த பஞ்சுமிட்டாயை 2024 பிப்ரவரியில் தடுத்து நிறுத்தியது தமிழக அரசு. தில்லி ஆணைக்குக் காத்திருக்கவில்லை. ஆயினும், 2006ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மாநில ஆணையருக்குத் தருவது ஓராண்டுத் தடை அதிகாரம்தான். மருத்துவமனைச் செலவு நமக்கு, சட்டமியற்றும் உரிமை அவர்களுக்கு என்பது எந்த ஊர் நீதி? கலிபோர்னியாவுக்கு உள்ள உரிமை தமிழகத்துக்கு வேண்டும். பொட்டலத்தின் முகப்பில் உண்மை வேண்டும். உண்பவன் கேட்பது சலுகையல்ல, உயிரின் கணக்கு!