விடைத்தாளும் ஒரு மணி நேரமும்: கல்லூரிப் போதனை குறித்து எங்கள் நிலைப்பாடு

கல்லூரிகள் தொடங்கத் தனவந்தர்கள் முன்வர வேண்டுமென்று சென்னை சர்வகலாசாலைத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1947ஆம் ஆண்டு ஒரு கூட்டத்தில் வேண்டிக்கொண்டபோது, அங்கேயே எழுந்து வாக்களித்த கோட்டையூர் அழகப்ப செட்டியார், அவ்வருஷம் ஆகஸ்ட் மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். பின்னர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கினார். அவர் நட்டது வளர்ந்து, 1985இல் அவர் பெயராலேயே ஒரு சர்வகலாசாலையும் உண்டாயிற்று. ஆகையால் இவ்வூரில் உயர்கல்விக்கு இடமில்லை என்ற குறை என்றோ தீர்ந்தது. அந்த இடத்துக்கு வந்து சேரும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதே, இவ்வட்டாரத்து ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய எங்கள் மன்றத்தின் விசாரம்.

பல கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்ணும் செமஸ்டர் பரீட்சைக்கு 75 மதிப்பெண்ணும் என்பது வழக்கம். அகமதிப்பீட்டுத் தேர்வின் பௌதிக விடைத்தாள் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். சமன்பாட்டை வருவித்துக்கொண்டே வந்த மாணவி மூன்றாம் வரி வரையில் பிழையின்றி எழுதியிருக்கிறாள். நான்காம் வரியில் கூட்டல் குறி கழித்தலாக மாறியதால் அதன் பிறகு யாவும் கோணிவிட்டன. பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு என்ற எண் இருக்கிறதேயன்றி, தவறு எந்த வரியில் பிறந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அடுத்த முறை அவள் செராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்வாளானால், அது அவளுடைய குற்றமாகாது.

ஆதலின், ஒவ்வோர் அகமதிப்பீட்டு விடைத்தாளும் ஆசிரியரின் குறிப்புரையுடன் ஒரு வாரத்துக்குள் மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும் என்பதும், அதை முன்னிட்டு ஆசிரியரும் பத்துப் பன்னிரண்டு மாணவர்களும் உட்கார்ந்து உரையாட வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் எங்கள் திடமான அபிப்பிராயம். அந்த நேரம் கால அட்டவணைக்குள்ளேயே அமைய வேண்டும். கல்லூரி விட்டபின் வைத்தால், கல்லல் பக்கத்திலிருந்தும் சாக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டு இருட்டிய பின்பே வீடு சேர்வார்கள், பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அங்கே தமிழிலேயே சந்தேகம் கேட்கத் தடை கூடாது. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அங்கேதான் முதலில் பேசும்.

இது நூதன யோசனையன்று. 1948இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், பரீட்சை முறையின் சீர்திருத்தத்தை மிக அவசரமானதாகக் கருதியதோடு, சிறு குழுக்களாகப் பயிற்றுவிப்பதையும் வற்புறுத்தியது.

அடுத்த ஆண்டு இந்த வேலை நீடிக்குமா என்ற கவலையோடு ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் இத்தனையும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதை நாங்கள் அறிவோம். காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்புவதும், குறிப்புரை எழுதும் நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிடுவதும் இக்கோரிக்கையின் பிரிக்க முடியாத பாகங்கள். எங்கள் மன்றத்து ஆசிரியர்கள் தத்தம் வகுப்புகளில் வருகிற செமஸ்டரிலிருந்தே விடைத்தாள்களைக் குறிப்புரையுடன் திருப்பித் தர இசைந்திருக்கிறார்கள். கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருமாறு கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.