மூணாவது நாளில் திணறும் மூச்சு... பூச்சி மருந்து உடம்புக்குள்ள என்ன செய்யுது?

பூச்சி மருந்து விஷம் ஏறிய ஒருவர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார். ஊசி போட்டதும் வியர்வை நிற்கிறது, வாயில் நுரை குறைகிறது. மறுநாள் கண் திறந்து பேசுகிறார். ‘கண்டம் தாண்டிடுச்சு’ என்று வீட்டில் இருப்பவர்கள் ஆறுதல் அடைகிறார்கள். மூன்றாவது நாள், தலையணையிலிருந்து அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் மூச்சு திணற, வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

இது அபூர்வமான கதை இல்லை. இதற்கு ‘இடைநிலை நோய்க்குறி’ என்று 1987-ல் பெயர் வைத்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரள்ளியத்தவும். விஷம் ஏறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இது தலைகாட்டும்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

கையைத் தூக்கணும்னு மூளை நினைத்ததும், நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது தசையைத் தட்ட, தசை சுருங்குகிறது. தட்டியது போதும் என்று அதை உடனே உடைத்துப் போடுவது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி. நம் உடம்பின் அதிவேக நொதிகளில் இதுவும் ஒன்று. நொடிக்குப் பல ஆயிரம் மூலக்கூறுகளை உடைக்கும்.

ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகின்றன. உடைக்க ஆள் இல்லாததால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. ஓயாமல் தட்டப்படும் தசை முதலில் துடிக்கிறது, பிறகு சோர்ந்து செயலிழக்கிறது. மூச்சு விட உதவும் தசைகளுக்கும் இதே கதிதான்.

நொதியை முடக்குவதே தப்பா என்றால், இல்லை. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச்சோர்வு நோய்க்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் இதே நொதியைத்தான் பிடிக்கிறது. ஆனால் சில மணி நேரத்தில் விட்டுவிடும். பூச்சிக்கொல்லி அப்படி விடாது. நேரம் போகப் போகப் பிடி இறுகி, நொதி மீட்க முடியாததாகிவிடும்.

மாற்று மருந்து இருக்கே?

இருக்கு, ஆனா பாதிதான். அட்ரோபின் ஊசி வியர்வை, நுரை, நுரையீரலில் சேரும் சளி, குறையும் இதயத்துடிப்பு ஆகியவற்றைச் சமாளிக்கும். நரம்பு - தசை சந்திப்பில் அதற்கு வேலை இல்லை. நொதியை விடுவிக்கத் தரப்படும் பிராலிடாக்சைம் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் கைகொடுப்பது வென்டிலேட்டரும், நாள்கணக்கில் கூடவே இருக்கும் நர்ஸ்களும்தான். அந்த வசதி எத்தனை கிராமங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது?

அதனால், இந்த விஷத்துக்கான சிகிச்சை ஐசியூவில் தொடங்கக் கூடாது. கடை அலமாரியில் தொடங்க வேண்டும்.

இலங்கை செய்தது

கொடிய நச்சு வகை பூச்சிக்கொல்லிகளை இலங்கை படிப்படியாக விலக்கியது. 1995-ல் மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும் போயின. அடுத்து 1998-ல் எண்டோசல்பான். பின்னர் டைமெத்தோயேட், ஃபென்தியான், பாராகுவாட். 1995-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ‘மருந்து இல்லாட்டி விளைச்சல் படுத்துடும்’ என்ற பயமும் பலிக்கவில்லை.

இங்கே? 2013 ஜூலையில் பிஹாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்ததால் 23 குழந்தைகள் இறந்தார்கள். அதன் 36 சதவீதத் திரவ வடிவத்துக்கு மத்திய அரசு தடை அறிவித்தது 2023-ல். நடுவில் பத்து வருஷம்!

தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உட்பட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. அதென்ன 60 நாள்? 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிகள் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். விசாரணை முடியாவிட்டால் கூடுதலாக 30 நாள். நிரந்தரத் தடை டெல்லியின் கையில்.

ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகு தடை செய்யும் முறை மாற வேண்டும். நச்சுத்தன்மை அளவை வைத்து, கொடியவற்றை மொத்தமாக விலக்க வேண்டும். பதிலுக்கு என்ன அடிப்பது என்பதை வேளாண் துறை முன்கூட்டியே விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டும். மாநிலங்களுக்கும் நிரந்தரத் தடை அதிகாரம் வேண்டும்.

வயலில் இதற்குப் பெயர் ‘மருந்து’. வெயிலில் மாஸ்க்கும் கிளவுஸும் இல்லாமல், டேங்கை முதுகில் சுமந்து அடிக்கிறவருக்கு அது மருந்து இல்லை. தோல் வழியாகவே உள்ளே போய், அந்தச் சின்ன நொதியைப் பிடித்துக்கொள்ளும் விஷம்.

*(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள்: டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்கும்.)*