ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.233! கரண்ட் பில் எங்கே எகிறுகிறது, எப்படிக் குறைப்பது?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டில் ஒரு கோடு இருப்பது பலருக்குத் தெரியாது.

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணத்தைப் பார்ப்போம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் ரூ.1,725. 501-ஆவது யூனிட் ஓடிவிட்டால் அந்த ரூ.2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே ரூ.4.50 கணக்கு. கூடுதல் யூனிட்டுக்கு ரூ.8. ஆக பில் ரூ.1,958. ஒரு யூனிட்டுக்கு ரூ.233! 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. அப்போதும் இந்த முறை மாறவில்லை.

அதனால், எவ்வளவு மிச்சம் என்பதைவிட எந்த இடத்தில் மிச்சம் என்பதுதான் முக்கியம்.

ஃபேனை எடுத்துக்கொள்வோம். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் வரும். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான், 27 யூனிட். இரண்டு ஃபேன் மாற்றினால் ஏறக்குறைய 80 யூனிட் குறையும். 2022 கட்டணப்படி, 300 யூனிட் ஓடும் வீட்டில் இதனால் மிச்சம் ரூ.360. அதே கட்டணப்படி, 540 யூனிட் ஓடும் வீட்டில் அதே 80 யூனிட்டுக்கு ரூ.785 மிச்சம். விலை கூடுதலான இந்த ஃபேனை முதலில் வாங்க வேண்டியது யார் என்பது இதிலேயே தெரிகிறது.

ஏசியில் செலவே இல்லாமல் குறைக்கலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தி திறன் அமைப்பு. 2020 முதல் புதிய ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியே வந்தது. ஆனால் ரிமோட் கையில் இருக்கிறதே, உடனே 18-க்கு இறக்கிவிடுகிறோம்! அலுவலகங்களில் இது இன்னும் மோசம்: குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு. வணிக இணைப்புக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது.

தண்ணீரும் இதே கணக்கில்தான் வருகிறது. ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மேல்நிலைத் தொட்டி நிரம்பி தினம் 10 நிமிடம் வழிந்தால் இரண்டு மாதத்தில் 10 யூனிட் காலி, தண்ணீரும் வீண். அபார்ட்மென்ட்டில் இந்தச் செலவு பொது மீட்டரில் ஏறி, மெயின்டனன்ஸ் கட்டணமாக வரும், யாரும் கவனிப்பதில்லை. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி பொருத்துவது நல்லது. ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் வீடு துடைக்க, கழிவறைக்கு ஆகும்.

இதையெல்லாம் செய்கிறோமோ இல்லையோ, ஒரு வேலை அவசியம். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 30-ஆவது நாள் மீட்டரைப் பாருங்கள். கார்டில் உள்ள பழைய ரீடிங்கைக் கழித்து 250-ஐத் தாண்டியிருந்தால், மீதி 30 நாளில் ஏசியையும் கீசரையும்தான் முதலில் குறைக்க வேண்டும்.