மறைத்தால் மாறாத நோய்

பழையாற்றங்கரையில் அமைந்த சுசீந்திரம் என்னும் ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் ஒரு காரணம் கூறும். தவறிழைத்த இந்திரன் தூய்மை பெற்ற இடமாதலின் அப்பெயர் வாய்த்தது என்பர். தவ்பாவின் வாயில் திறந்தே இருக்கிறது என்று நம் மார்க்கமும் போதிக்கிறது. தவறியவன் மீளலாம் என்பது இரு மரபினர்க்கும் பொதுவான நம்பிக்கையாக இருக்க, போதைக்கு ஆட்பட்ட இளைஞனுக்கு மட்டும் நாம் கதவடைப்பது முறையாகுமா? இவ்வினாவை மாணவர், ஆசிரியர், ஊர்ப் பெரியோர் முன் வைக்க விழைகிறோம்.

போதைப்பொருள் எதுவாயினும் அது முதலில் பற்றுவது மூளையையே. இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளை அது அளவிறந்து சுரக்கச் செய்கிறது. நாளடைவில் பழைய அளவு போதாமற் போகிறது. நிறுத்த முயன்றால் உடல் நடுங்குகிறது, உறக்கம் கெடுகிறது. மது கல்லீரலைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே உறுதி செய்தது. உதட்டிடுக்கில் ஒதுக்கும் புகையிலை வாய்ப்புற்றுக்கு வழிகோலும். இளம் பருவத்தில் இடைவிடாது கஞ்சா புகைப்போர்க்கு நினைவாற்றல் குன்றும். சிலர்க்கு மனச்சிதைவும் நேரும். வலிநீக்கி மாத்திரைகளைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்வோர் ஒரே ஊசியைப் பலராகப் பகிர்வதால் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எய்ட்சுக் கிருமியும் பரவுகின்றன.

இக்கேட்டை எதிர்த்த வரலாறு நம் மாநிலத்திற்கு உண்டு. 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதே சேலத்து மண்ணில் தோன்றிய காந்தியவாதி சசிபெருமாள், 2015 சூலை 31 அன்று நம் மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடியபோது உயிர் நீத்தார். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அரசின் கடமையை நாம் வலியுறுத்தத்தான் வேண்டும். ஆயினும் நம் கடமை எங்கே தவறியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

'விலக்கப்பட்ட பொருளுக்கு நம் வீட்டில் இடமில்லை' என்று நாம் பெருமையுடன் சொல்லி வந்தோம். மகனின் சிவந்த கண்களைக் கண்ட பின்னரும் அதையே சொன்னோம். உற்றார் அறிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படும் என அஞ்சினோம். அவனுக்கே ஒரு கலியாணத்தை முடித்துவைத்தால் திருந்திவிடுவான் என்று வேறொரு வீட்டுப் பெண்ணையும் துன்பத்தில் இழுத்துவிட்டோம். ஆசிரியராகிய நாமும் குற்றமற்றவரல்லோம். வகுப்பில் உறங்கி வழிந்த மாணவனை வெளியே நிற்கச் சொன்னோம். ஏன் உறங்குகிறான் என்று கேட்டோமில்லை. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால் கல்லூரி தூய்மையாகிவிடும். அவன் செல்லும் தெருவோ நம் தெருவேயன்றோ?

இரக்கம் காட்டினால் ஏனையோரும் கெடுவர் என்பார் உளர். விற்பவனுக்கு இரக்கம் வேண்டா. சட்டம் தன் கடமையைச் செய்க. சிக்கியவனோ நோயாளி. மதுவும் போதைப்பொருளும் தொடர்பான மனநிலைப் பாதிப்புகளை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயின் வரையறையிலேயே சேர்த்துள்ளது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவும், சிறு குற்றத்திற்கு உள்ளான அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்க இடந்தருகிறது. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் துயரையே தொண்டாக்கி, 1980-இல் சென்னையில் மீட்புச் சிகிச்சைக்கு நிறுவனம் கண்டார். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாமாதலின், அறையில் பூட்டி வைப்பது ஆபத்து. மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் வழிகாட்டும்.

1926-இல் சுசீந்திரத்தில், கோயில் வீதிகளில் அனைவரும் நடக்கும் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. அடைத்த வீதிகளைத் திறக்கப் போராடிய மண் இது. இன்று நாம் திறக்க வேண்டியது வீட்டுக்குள் அடைத்து வைத்த பேச்சை. மாணவச் செல்வங்களே, நண்பன் தடுமாறுவதைக் கண்டால் காட்டிக்கொடுப்பதாக எண்ணி மறைக்காதீர். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் கூறுக. பெரியோர்களே, அவன் வந்து சொல்லும் நாளில் சினவாது செவிகொடுப்பீர். கல்லூரியும் தண்டிக்கும் முன் மருத்துவரிடம் அனுப்பும் வழக்கத்தை மேற்கொள்ளட்டும். மீள விரும்பி வருவோனுக்கு வாயில் திறந்திருக்க ஆவன செய்வோமாக!